குண்டுவீட்டுக் கருப்பன்

ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பயந்து வெள்ளைக்காரன் கட்டிய வீட்டில்தான் மாரிக்கனி குடியிருந்தாள். சிரிக்க வேண்டாம், நிஜம். தேவதானத்துக்குத் தெற்கே ஓடைக்கரையில், பாலத்தைப் பார்த்தபடி, முழங்கை நீளத்துக்குக் கனத்த கான்கிரீட் சுவர். மூன்று பக்கமும் துப்பாக்கி நீட்ட ஒரு சாண் உயரப் பிளவு, குனிந்து நுழைய ஒரு வாசல். ஊரில் அதைக் குண்டுவீடு என்பார்கள். சண்டைக்காலத்தில் ஓடை நெடுகக் கட்டியவற்றில் ஒன்று மணலுக்குள் போய்விட்டது. இன்னொன்றின் மேல் செங்கல் சூளை போட்டுவிட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான்.

ஜப்பான்காரன் வரவில்லை, மாரிக்கனிதான் வந்தாள். புருஷன் செத்த ஈரம் காய்வதற்குள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த கொழுந்தன் ஐயாதுரை பூர்வீக வீட்டைப் பூட்டிக்கொண்டான். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு எதற்கு வீடு என்றான். அவள் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு குண்டுவீட்டுக்குள் வந்து அடுப்பு மூட்டினாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன கோடையில் ஓடைப் புறம்போக்கை அளக்க வந்தவர்கள் சுவரில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் எழுதினார்கள். ஆக்கிரமிப்பாம், இடிக்க ஜேசிபி வருமாம். மாரிக்கனி அழுது தீர்த்துவிட்டு யோசித்தாள். ஜேசிபி எதற்குப் பயப்படும்? மனுஷிக்கா பயப்படும்? ஓடையில் இறங்கி மூன்று கல் பொறுக்கினாள். வீட்டுக்குள் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். நம்பரின் மேல் சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடித்தாள். வாசலில் ஓர் அரிவாளை ஊன்றி எலுமிச்சம்பழம் குத்தினாள். என்ன சாமி என்று கேட்ட அதிகாரியிடம், கருப்பன், கனவில் வந்து கேட்டான் என்று கூசாமல் சொன்னாள். ஜேசிபி டிரைவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் கஞ்சியை அந்தக் கற்களுக்கும் காட்டிவிட்டுத்தான் குடித்தாள்.

அதோடு நின்றிருக்கக் கூடாதா? ஜேசிபியையே திருப்பி அனுப்பிய சாமி என்று செட்டியார்பட்டி வரைக்கும் பேச்சு போனது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஒருவன் இங்கே வேண்டிக்கொண்டு போய்த் தேறிவிட்டான். பிடித்தது சனியன். துப்பாக்கிக்காரர்கள் இருந்த இடம், பட்டாளத்தானுக்கு உகந்த சாமி என்று ராஜபாளையத்திலிருந்தெல்லாம் பைக்கில் வந்தார்கள். ஐயாதுரையும் வந்தான். தன் தாத்தா சண்டைக்காலத்தில் இங்கேதான் காவல் நின்றார், இது எங்கள் குடும்பத்துச் சாமி என்று மீசையை நீவினான். அந்தத் தாத்தா சேத்தூரில் வாழைத்தார் திருடி அடி வாங்கியவர் என்று மாமனார் வாயாலேயே மாரிக்கனி கேட்டிருக்கிறாள். சொன்னால் யார் காதில் ஏறும்?

கருப்பனுக்குக் கொடைத் திருவிழா நடத்த நாள் குறிக்க ஊர் கூடியது. ஐயாதுரை ரொம்பப் பணிவாகத்தான் பேசினான்.

"மதினி, சாமி இருக்க எடத்துல பொம்பள படுத்து எந்திரிக்கப்படாது. நீங்களா ஒதுங்கிக்கிட்டா மரியாத."

"என்ன சாமி? ஓடையில கெடந்த கல்லு அது. வீட்ட இடிச்சிருவாகன்னு பயந்து நாந்தான் நட்டேன்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆவுடையம்மாள் என்ற பெரியவள் மாரிக்கனியின் தாடையைத் தொட்டு, "அவன் ஒன் கைவழியா எறங்கியிருக்கான் தாயி, ஒனக்கே வெளங்கல" என்றாள். உண்மையைச் சொன்னதற்கு அருள்வாக்கு மரியாதை! மறுநாளே குண்டுவீட்டுக்கு இரும்புக் கதவும் பூட்டும் வந்தன. அவள் கரைக்குக் கீழே தகரமும் தார்ப்பாயுமாக ஒரு கொட்டகை போட்டாள். கும்பிட வருகிறவர்கள் அதன் ஓரமாகச் செருப்பை விட்டுப் போனார்கள்.

மழைக்கு முன்னால் ஜேசிபி மறுபடி வந்தது, இந்த முறை போலீசோடு. ஐயாதுரை ஊரையே திரட்டினான். ஆணும் பெண்ணும் கைகோத்துக் குண்டுவீட்டைச் சுற்றி நின்றார்கள். மாரிக்கனிக்கு மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் அவள் குடியிருந்த சுவர். ஓடிப்போய் வரிசையில் சேர்ந்து ஆவுடையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் வெகுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் அதிகாரி இறங்கி வந்தார். கோயிலைத் தொடவில்லை, ஆனால் வந்ததற்கு எதையாவது எடுத்ததாகக் காட்ட வேண்டுமே என்றார்.

ஐயாதுரை கரைக்குக் கீழே கையை நீட்டினான்.

"அந்தக் கொட்டகைய எடுத்துக்கிடுங்க சார். அது கோயிலோட சேந்தது இல்ல."

வண்டி திரும்பியது. மாரிக்கனி பாய்ந்து போய் ஆடுகளை அவிழ்த்துவிட்டதுமே தகரம் நெளிந்து மடங்கியது. கஞ்சிப் பானை உள்ளேயே நொறுங்கியது. அவள் கரையை நிமிர்ந்து பார்த்தாள். கோத்த கைகளை இன்னும் யாரும் விடவில்லை.

"ஏலே, நானும் ஒங்ககூடத்தானலே நின்னேன்" என்றாள்.

மேலே ஐயாதுரை சூடம் ஏற்றினான். அப்போதுதான் எல்லாரும் கைகளை விட்டார்கள், கும்பிடுவதற்கு.