ஃபிடென்சியோவின் வண்டி எங்கே?

"சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் என் வண்டியைக் காட்டும்" என்று ஃபிடென்சியோ தொலைபேசியில் சொல்லியிருந்தான். காட்டத்தான் செய்தார்கள், ஆளுக்கொரு திசையில்.

ஒட்டிலியா, மலை மேல் இருக்கும் சகத்தேகாஸ் நகரில் பள்ளிச் சீருடை தைப்பவள். நாற்பத்தொரு வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவனோடு ஆடியதிலிருந்து தினமும் பேச்சுதான். கட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதை இன்று நாலு மணிப் பேருந்து கிளம்புவதற்குள் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அவனுக்குத் தெரியாமல் அவன் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்கே அவனுடைய கடலோர ஊரான சான் தெல்மோவில் இறங்கினாள். கள்ளத்தனத்துக்குக் கூலி உடனே கிடைத்தது. அவன் வழக்கமாக மீன் அடை விற்கும் தேவாலயத்துச் சதுக்கத்தில் வண்டி இல்லை. கைபேசியும் வழியிலேயே உயிரை விட்டிருந்தது.

சோள அடையில் இறாலை மடித்து டாக்கோ விற்ற பெண்ணிடம் கேட்டாள்.

"ஃபிடென்சியோவா? படகுத்துறைப் பக்கம்தான் தாயி. நேராப் போ. அதுக்கு முன்னாடி ரெண்டு சாப்பிடு, முகமே வாடிக் கெடக்கு."

வாங்காமல் வழி மட்டும் கேட்பது அவள் வளர்ப்பில் இல்லை. தின்றாள். ருசி என்றால் அப்படி ஒரு ருசி, விரலையும் சூப்பினாள். படகுத்துறையில் கூழைக்கடாக்கள்தான் இருந்தன. அங்கே சிப்பி உடைத்தவர் கத்தி முனையால் மணல்வெளியைக் காட்டினார். மணலில் மீன் சுட்டவன் சந்தையைக் காட்டினான். ஒருவரும் துளிகூடத் தயங்கவில்லை. எல்லாரிடமும் தின்றாள். சந்தையில் மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்த கிழவர், மறுபடி தேவாலயத்தையே காட்டினார்.

"அங்கேருந்துதான் வர்றேன் பெரியவரே. நெசமாவே பார்த்தீங்களா?"

"இந்தக் கண்ணால பார்த்தேன் கண்ணு!"

"எப்போ?"

கிழவர் மாங்காயைக் கவனமாகப் பார்த்தார். "தினமும் பார்க்கிற ஆளுதானே..."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தேடி வந்தவளைத் தெரியாது என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. அவள் ஊரிலும் இதே கதைதான்; அவளே எத்தனை பேரை இல்லாத தெருவுக்கு அனுப்பியிருக்கிறாள்! கோபப்படவும் முடியவில்லை. ஆனால் ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. 'கடல்காத்து உனக்கு ஒத்துக்கும், இங்க ராணி மாதிரி இருப்பே' என்று இரண்டு வருடமாக அவன் சொன்னதெல்லாம்? அதுவும் இந்த வகைதானா?

மூன்றே முக்காலுக்கு, கால் கொதிக்க, வயிறு கழுத்துவரை முட்ட, பேருந்து நிலையத்துக்குத் திரும்பினாள். சீட்டுக் கொடுக்கும் சன்னலை ஒட்டி ஒரு தள்ளுவண்டி. பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஃபிடென்சியோ.

"வந்துட்டியா! எறங்கினதும் முதல் வாய் என் கையால திங்கணும்னு பத்து மணிக்கு வீட்லேருந்து நேரா வண்டியை இங்கயே தள்ளிட்டு வந்துட்டேன். பன்னெண்டு மணி பஸ்ல உன்னைக் காணோம். பச்சைப் பாவாடையில வர்றேன்னு சொன்னியே, அப்படி ஒரு பொம்பளையைப் பார்த்தீங்களான்னு கேட்டா, ஆளாளுக்கு 'இதோ வந்துட்டிருக்கா'ங்கிறான்!"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. மொறுமொறுத்த சோள அடையின் மேல் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீனை அள்ளிவைத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. நாலு மணிப் பேருந்து உறுமியது.

"ஃபிடென்சியோ, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்த ஊர்ல நான் நல்லா இருப்பேனா?"

"ராணி மா..." என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். வெயிலில் நாள் முழுக்க நின்ற முகம் இன்னும் வாடிப்போனது.

"தெரியலையே, ஒட்டிலியா."

காலையிலிருந்து இந்த ஊரில் ஒருவர் வாயிலும் வராத வார்த்தை. அவள் பையை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு அடையை வாங்கிக் கடித்தாள். வயிற்றில் ஒரு பருக்கைக்குக்கூட இடமில்லை.

"ஏம்மா, வர்றியா இல்லையா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

வாய் நிறைய மீனோடு, போகச் சொல்லிக் கையை ஆட்டினாள்.