சேர்மன் ரயில் ஓட்டாத வாரம்

மாமனார் மின்சாரத் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைத் தலைவர் நாற்காலி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. வீட்டில் தானாகவே எடுத்துக்கொண்டார். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் மருமகளும் மாமியாரும் அவரைச் சேர்மன் என்றுதான் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற மறுநாளே சமையலறையை ஆய்வு செய்யத் தொடங்கினார். ஃப்ரிட்ஜைத் திறக்கிறவர்கள் என்ன எடுக்கப்போகிறோம் என்று யோசித்துவிட்டுத் திறந்தால் என்ன என்று கேட்டார். மாமியார் மாடிப்படி இறங்கும் முறையிலேயே குறை கண்டுபிடித்தார். "உங்க மாமா ஆபீஸ் போயிட்டிருந்த வரைக்கும் நாங்க ரொம்ப ஒத்துமையான தம்பதிம்மா" என்று மாமியார் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் கண்ணீர் முழுக்க வெங்காயத்துக்கு உரியதல்ல.

காப்பாற்றியது ஒரு ரயில். மகனுக்கு வேலை வெளியூரில். அவன் வீட்டில் போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று உட்கார்ந்த சேர்மன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் குளித்து, சட்டையை இன் செய்து, பேனாவைப் பையில் குத்திக்கொண்டு மாடி அறைக்குப் போய்விடுவார். விளையாடுகிறார் என்று யாரும் சொல்லக் கூடாது. டியூட்டியில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். தாராளமாகச் சொன்னார்கள். அந்தக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கீழே இரண்டு பெண்களுக்கு மூச்சு வரும்.

ஆனால் பழைய கம்ப்யூட்டரில் மழை கட்டம் கட்டமாகப் பெய்கிறது என்று சேர்மனுக்கு மனக்குறை. மகன் விடுமுறையில் வந்தபோது படத்தைத் துல்லியமாகக் காட்டும் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவந்தான். அப்பா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க, அதை மாட்டிவிட்டு ஊர் திரும்பினான். மறுநாள் வண்டி நின்றது.

கிராமத்துப் பாதையில் ஒழுங்காகத்தான் போகும். பெரிய நகரம் நெருங்கி, மழை பிடித்து, ஈரத் தண்டவாளத்தில் விளக்குகள் மின்னத் தொடங்கும்போது திரை கறுத்துவிடும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் காற்றாடி பேய் பிடித்தாற்போல் அலறும். சேர்மன் கீழே இறங்கி வந்துவிடுவார்.

அந்த வாரம் வீட்டில் டம்ளர்கள் உயர வரிசையில் நின்றன. துணி காயப்போடுவதில் காற்றின் திசை பற்றி ஒரு சொற்பொழிவு நடந்தது. மருமகள் வீட்டிலிருந்தபடியே காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிப்பவள். அவள் ஒரு லாரி விபத்தைப் பற்றி போனில் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று, "லாரிக்காரன் பக்கமும் நியாயம் இருக்கும்மா" என்று கணீரென்று தீர்ப்பு வழங்கினார். அது பதிவாகிவிட்டது. இன்னொரு முறை வெளியாள் குரல் கேட்டால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, தினமும் அலுவலகம் வர வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அலுவலகம் ஊரின் மறுகோடியில் இருந்தது.

அன்று சாயங்காலமே கணவனுக்குப் போன் போட்டாள்.

"கார்டோட டிரைவர் சாஃப்ட்வேரைச் சுத்தமா எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் பாரு" என்றான்.

"போட்டாச்சு."

"சூடு ஏறுதா?"

"பார்த்தாச்சு. ஏறலை. படத்தோட தரத்தைக் குறைச்சு வெச்சா கடைசி ஸ்டேஷன் வரைக்கும் நிக்காமப் போகுது."

"அப்போ அப்படியே ஓட்டச் சொல்லு."

"மரமெல்லாம் அட்டையில வெட்டி நட்ட மாதிரி இருக்காம். அதுல ஓட்டுறது தன் தகுதிக்குக் குறைவாம்."

"சரி, கார்டுதான் பழுது. திருப்பி அனுப்புவோம். மூணு வாரத்துல வேற குடுப்பான்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூணு வாரமா? நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"என்னை விட்டுட்டா, அத்தை?"

"உனக்கு வயசு இருக்கும்மா. தாங்குவே."

மருமகளுக்கு வேறொரு யோசனை ஓடியது. கார்டு கெட்டிருந்தால் இவ்வளவு நாணயமாக நடந்துகொள்ளாது. லேசான வேலையென்றால் நாள் முழுக்கச் செய்கிறது, பாரம் ஏறும்போது மட்டும் விழுகிறது. இது நோய் இல்லை, பட்டினி.

"கார்டுக்குக் கரண்ட் வயரை எப்படி மாட்டினீங்க?"

"எல்லாம் முறைப்படிதான்."

காரைக் கொண்டுபோய்க் குளத்தில் இறக்கியவர்கள் அத்தனை பேரும் அவளிடம் சொல்லும் முதல் வாக்கியம் அது. "முறைப்படின்னா? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "அதுக்கு ரெண்டு தனி வயர் மாட்டணும். ஒரே வயர்ல ரெண்டு தலை இருந்துச்சு. அதையே ரெண்டு பக்கமும் குத்து, இன்னொரு வயர் எதுக்குத் தண்டமான்னு அப்பா சொன்னார்."

"தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லிப் பாரேன்."

கணவன் ஆபீஸில் ஐம்பது பேரைக் கட்டி மேய்க்கிறவன்தான். சேர்மனோ வயரைக் கையால் தொட்டு ஒரு தலைமுறை ஆகிறது. பதவி உயர உயர வயர்கள் அவரிடம் கோப்பாகத்தான் வந்தன. கோப்பில் மிச்சம் பிடித்தால் பாராட்டும் வந்தது.

அந்த இரண்டாவது வயர் சேர்மனின் அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி அவர் சட்டைப்பையில். கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை. மருமகள் கார்டோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நாலு துண்டை மடிக்கும் சாக்கில் மாமியாரும் பின்னாலேயே வந்தார்.

"மாமா, ஒரு சந்தேகம். உங்க துறை விஷயம்."

சாய்ந்திருந்த முதுகு நிமிர்ந்தது. "கேளும்மா."

"ஒரு மில்லு. ரெண்டு லைன் தனித்தனியா வேணும். ஆனா ஒரே லைனைக் கிளை பிரிச்சு ரெண்டு பக்கமும் குடுத்துட்டாங்க. பாதி மெஷின் ஓடுனா ஒண்ணும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஓடுனா அணைஞ்சு போகுது. மெஷின் மேல தப்பா, லைன் மேல தப்பா?"

சேர்மன் சிரித்தார். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த சிரிப்பு. "இதுல என்னம்மா சந்தேகம்? நீ பத்துக் கிளை பிரி, வர்றது ஒரே லைன்தானே? லோடு ஏறுனா படுக்கத்தான் செய்யும். மெஷின் என்ன பண்ணும், பாவம். எந்த மடையன் அதுக்குக் கையெழுத்துப் போட்டான்?"

மாமியாரின் கையில் துண்டு பாதி மடிப்பில் நின்றது.

மருமகள் கையேட்டை விரித்து மேசைமேல் வைத்தாள். படத்தில் இரண்டு வயர்கள், தனித்தனியாக, கைகோர்க்காத தம்பதி போலப் போய்க் கார்டில் சேர்ந்தன. சேர்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. இருமினார்.

"அந்தப் பய அவசரத்துல மாட்டிட்டுப் போயிட்டான்" என்றார். "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு."

"இருந்திருக்கும், மாமா."

"சொன்னாக் கேட்டாத்தானே?"

மாமியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு அது தும்மல் மாதிரி இருக்கட்டும் என்று தோளையும் குலுக்கிக்கொண்டார்.

மருமகளின் தொழில், யார் செய்த தவறு என்று கண்டுபிடித்துக் கீழே கையெழுத்து வாங்குவது. இந்த ஒரு மனுவைக் கையெழுத்தில்லாமலே மூடிவிட அவளுக்கு முழுச் சம்மதம். கையை நீட்டினாள். சாவி வந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றினாள். இரட்டைத் தலை வயரில் ஒரு தலையை உருவிவிட்டு, அந்த இடத்தில் புது வயரை மின்சாரப் பெட்டியிலிருந்து தனியாக இழுத்துச் செருகினாள். சேர்மன் நாற்காலியில் அமர்ந்தபடி "மெதுவா, மெதுவா, அழுத்தம் நேரா இருக்கணும்" என்று பணியை முன்னின்று நடத்தினார். சட்டென்று பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "அதான், அதான்" என்றார், தானே செருகியதுபோல.

வண்டி புறப்பட்டது. வயல்கள் போயின, பாலம் போயிற்று. நகரத்தின் விளிம்பில் மழை பிடித்தது. மாமியார் மருமகளின் முழங்கையைப் பிடித்தார். விளக்குகள் பெருகின, தண்டவாளம் மின்னியது, காற்றாடி வேகமெடுத்தது. எப்போதும் கறுக்கும் திருப்பம் வந்தது.

போயிற்று.

வண்டி நிலையத்துக்குள் மெதுவாக ஊர்ந்து, நிறுத்தக் கோட்டை ஒட்டி நின்றது. ஒவ்வொரு மழைத்துளியும் தனித்தனியாக வழிந்தது. மாமியார் பிடியை விட்டார். முழங்கையில் நகத் தடம் பதிந்திருந்தது. மருமகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாகத் தோளைக் காதுவரை தூக்கி வைத்திருந்தது அது கீழே இறங்கியபோதுதான் தெரிந்தது.

சேர்மன் திரும்பாமலே சொன்னார்: "எல்லாரும் வெளியே இருந்தா நல்லது. பயணிகள் ஏறுற நேரம்."

கதவு சாத்திக்கொண்டது. படியிறங்கும்போதே கணவனின் அழைப்பு வந்தது.

"என்ன ஆச்சு? கார்டைக் கழட்டிப் பேக் பண்ணிட்டியா?"

"வேண்டாம். ஓடுது. நீங்க தப்பா மாட்டிட்டீங்களாம். உங்க அப்பா கண்டுபிடிச்சுட்டார்."

"யாரு? அப்பாவா?"

"ஆமா. சொன்னாக் கேக்க மாட்டேங்குறீங்களாம்."

அவன் சிரித்துவிட்டான். "சரி, நான்தான் மாட்டினேன், தப்புத்தான். வேணும்னா எழுதிக்கூடக் குடுக்கறேன்."

மாமியார் போனைப் பிடுங்கினார். "எழுதிக் கிழுதித் தொலைக்காதடா! அதுக்குப் பதில் எழுதறேன்னு கீழ வந்து உக்காந்துடுவாரு!"

மாடியில் வண்டி நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பியது.