விடத் தெரிந்த பெட்டி

டம் என்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்த்தது. மோட்டார் போர்டுக்கு எதிரே, பச்சைப் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றிருந்த தணிகைவேல் மட்டும் அசையவில்லை. அவன் கண் குழாய் வாயிலேயே இருந்தது. தண்ணீர் வரும் என்று காத்திருந்தான்.

சாயம் தோய்ந்த கைகளோடு பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள் கன்னிகா. போர்டுக்குள்ளிருந்து கரும்புகை கசிந்துகொண்டிருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளைப் பார்த்தான், பிறகு புகையைப் பார்த்தான்.

“மறுபடியுமா?”

ஆமாம் என்று தலையசைத்தாள். கண்டென்சர் மறுபடியும் வெடித்திருந்தது.

நகரி ஊரில் ஆழ்துளைக் கிணற்றின் போர் மோட்டாரைப் போடத் தெரியாதவர்கள் கிடையாது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் போர்டில் இருக்கும் பெரிய கண்டென்சர் மோட்டாரைத் தூக்கிவிடும். ஊம் என்று முனகும் சத்தம் சட்டென்று மெலியும்போது விரலை எடுத்துவிட வேண்டும். விட்டால் மோட்டார் ஓடும். விடாமல் அழுத்தினால் கண்டென்சர் கொதித்து வெடிக்கும். அவ்வளவுதான் வித்தை.

அந்தச் சத்தம்தான் தணிகைவேலுக்குக் கேட்காது. விவரம் தெரிந்த நாளாக பவர்லூம் ஷெட்டில் வேலை. தறிகள் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்திருந்தன. காதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, கைக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தன. தறி ஓட்டுகிறவன் கைப்பிடியைத் தள்ளினால், நூல் கோத்த நாடா குறுக்கே பாய்வதைக் கண்ணால் பார்க்கும்வரை கையை எடுக்கமாட்டான். அதே கைதான் பச்சைப் பொத்தானிலும் இருந்தது. தண்ணீர் அதலபாதாளத்திலிருந்து ஏறி வந்து குழாயில் தலைகாட்டும்வரை அது நகராது.

போர்டில் கை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் நடக்காது. பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் தறிகள். அவர்கள் வீட்டுச் சுவர் பகல் முழுக்க நடுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

“நீ திங்கக்கெழம கெளம்பும்மே. நான் பாத்துக்கறேன்” என்றான் தணிகைவேல்.

“இன்னாத்த பாத்துக்குவே?”

“ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு கைய எடுத்துர்றேன்.”

“நேத்தும் எண்ணினியே. மோட்டார் எழுந்துக்கவே இல்ல.”

“அது அவசரமா எண்ணிட்டேன்.”

“அப்போ இன்னிக்கி?”

அவன் புகையைப் பார்த்தான். “இன்னிக்கி எண்ண மறந்துட்டேன்.”

கன்னிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பேச்சிலும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தறி ஷெட்டுக்காரர்களின் பேச்சு அது. உதடு அசையும், கை பேசும், இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் ஒரு சொல் தப்பாது. கல்யாணமான புதிதில் அவனிடமிருந்து கற்றுக்கொண்டாள்.

சிரித்தாளே தவிர, திங்கட்கிழமை கண் முன்னால் நின்றது.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவள் முன்பு வேலை பார்த்தவள். சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும் வேலை. தணிகைவேல் காது போய் வீட்டோடு வந்ததும், பின்கட்டில் நூலுக்குச் சாயம் போட ஆரம்பித்தார்கள். அவளும் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இப்போது கம்பெனியே கூப்பிட்டிருந்தது. புது உற்பத்தி லைன் திறக்கிறார்கள், அதற்கு அவள் லீடர். திங்கட்கிழமை பஸ் ஏறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். அவள் போகவேண்டும் என்று தணிகைவேலுக்கு இன்னும் ஆசை. குறுக்கே நின்றது ஒரு விரல்தான். சாயத் தொட்டியிலிருந்து எடுத்த நூலை உடனே அலச வேண்டும். மேலே தொட்டியில் தண்ணீர் இல்லாமல் அது காத்திருந்தால் திட்டுத் திட்டாகிவிடும். திட்டு விழுந்த நூலை நகரியில் ஒரு தறிக்காரனும் தொடமாட்டான். அவள் போய்விட்டால் பகலில் மோட்டார் போட யார்?

*

“என்னக்கா, பாவா மறுபடியும் தீபாவளி கொண்டாடிட்டாரா?”

மோட்டார் ரிப்பேர் கடை ஹரிபாபு கேள்வியோடு கேள்வியாகப் புது கண்டென்சரை எடுத்து மேசையில் வைத்தான். தணிகைவேலை அவன் தெலுங்கில் பாவா, அத்தான், என்றுதான் சொல்வான். வெடித்த சத்தம் அவன் கடைவரை வந்திருந்தது.

“கரண்ட் வந்தா தானே மோட்டார் போடுற பெட்டி இருக்குதுன்னியே?” என்றாள் கன்னிகா.

“ஆட்டோ ஸ்டார்ட்டரா? திருப்பதியில சொல்லணும்க்கா. திங்கக்கெழமைக்குள்ள வராது.”

மேசையில் ஸ்குரூக்கள் கிடந்த தட்டில் ஒரு டாகிள் சுவிட்ச் இருந்தது. குட்டி மூக்கு வைத்தது. மேலே தள்ளினால் மேலேயே நிற்கும், கீழே தள்ளினால் கீழேயே நிற்கும். கன்னிகா அதை எடுத்து டக் டக்கென்று தள்ளினாள்.

“பச்சைப் பொத்தானுக்குப் பதிலா இத வெச்சா?”

“அய்யோ அக்கா. பாவா விரலாவது வலிச்சா எடுக்கும். இது எடுக்கவே எடுக்காது. அப்புறம் தெனமும் தீபாவளிதான்.”

“சுவிட்ச் போட்டபடியே இருக்கணும். ஆனா உள்ள இருக்கறது தானே விட்டுடணும். அப்படி எதுனா இருக்குதா?”

“புடிச்சத தானே விடுற சாமான் எங்கக்கா இருக்குது? மனுஷனே விடமாட்டேங்கறான்.”

கன்னிகாவின் கண் ஹரிபாபுவின் பழைய முள் மீட்டரில் நிலைத்துவிட்டது.

கம்பெனியில் பழுது பார்க்கும் மேசையில் இதே மாதிரி ஒன்று இருந்தது. கண்டென்சர் நல்லதா கெட்டதா என்று பார்க்க, மீட்டரின் இரண்டு முனையையும் அதன் கால்களில் வைப்பார்கள். முள் விருட்டென்று எழும். பிறகு தானே படுத்துவிடும். வைத்த கை வைத்தபடியே இருக்கும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். அது எழுந்ததைத்தான் பார்த்தாள். படுத்ததை மனதில் வாங்கியதே இல்லை.

“ஹரி, மீட்டர குடு. ஒரு குட்டி கண்டென்சரும் குடு.”

வைத்தாள். முள் எழுந்தது, படுத்தது.

“நெறையற வரைக்கும்தான் கரண்ட் போவுது. நெறஞ்சதும் நின்னுடுது” என்றாள் மெதுவாக. “அந்த முள்ளு இருக்கற எடத்துல ஒரு ரிலேவ வெச்சா?”

ஹரிபாபு வாயில் மென்றுகொண்டிருந்த நிலக்கடலையை மறந்தான். ரிலே என்பது அவனுக்குத் தினசரி சாமான். உள்ளே ஒரு காயில், கம்பிச் சுருள். கரண்ட் போனால் ஒரு தகட்டை இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். எழுந்து கதவை ஒருக்களித்துவிட்டு வந்தான், அந்த யோசனையை யாரோ திருடிக்கொண்டு போய்விடுவார்கள் போல.

பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் ஒன்று. அதிலிருந்து டாகிள் சுவிட்ச், சுவிட்சிலிருந்து கண்டென்சர், கண்டென்சரிலிருந்து ரிலே. வேறொன்றும் இல்லை.

கன்னிகா சுவிட்சின் மூக்கை மேலே தள்ளினாள்.

டிக்.

இருவரும் மூச்சை அடக்கினார்கள்.

டிக்.

ரிலே பிடித்தது, விட்டுவிட்டது. சுவிட்ச் இன்னும் மேலேயே நின்றிருந்தது. அதை யாரும் தொடவில்லை.

ஹரிபாபு தன் முன்கையைத் தடவிக்கொண்டான். மயிர் சிலிர்த்திருந்தது. “உள்ள யாரோ ஒக்காந்துக்கினு கைய எடுத்த மாதிரியே இருக்குதுக்கா.”

“இன்னொரு தடவ.” சுவிட்சைக் கீழே தள்ளி மறுபடி மேலே தள்ளினாள்.

ஒன்றுமில்லை.

கீழே, மேலே. கீழே, மேலே. செத்த எலி மாதிரி கிடந்தது. ஹரிபாபு ரிலேயைத் தட்டினான், பிறகு வேறொன்றை மாற்றினான். அதுவும் பேசவில்லை. அலுத்துப்போய் கண்டென்சரைக் கழற்ற ஸ்குரூடிரைவரை வைத்தான். அதன் இரண்டு கால்களிலும் ஒருசேரப் பட்டு, சடக்கென்று ஒரு நீலப் பொறி தெறித்தது.

கன்னிகா சுவிட்சைத் தள்ளினாள். டிக். டிக்.

“உள்ளயே இருந்துச்சிக்கா” என்றான் ஹரிபாபு, குரலைத் தணித்து. “சுவிட்ச் அணைச்சும் அது அப்படியே வெச்சிக்கினு இருந்துச்சி.”

நிறைந்தது நிறைந்தபடியே இருந்தால் இன்னொரு தடவை எப்படி நிறையும்? மோட்டார் போடும் ஒவ்வொரு தடவையும் தணிகைவேல் ஸ்குரூடிரைவரோடு பொறி பறக்க விடமுடியுமா? வழி கிடைத்தது போலக் காட்டிவிட்டு முகத்தில் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது அவளுக்கு.

*

எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே ஹரிபாபுவும் வந்தான், கடையை அப்படியே போட்டுவிட்டு.

தணிகைவேல் எதிர் வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். அவன் முன்னால் டப்பாவை வைத்து, உதட்டாலும் கையாலும் சொன்னாள். ரிலே பிடிப்பதற்குக் கைவிரல்களை மடக்கிக் காட்டினாள், விடுவதற்கு விரித்தாள். இரண்டாவது தடவை பிடிக்காததைச் சொல்ல, விரித்த கையைச் சும்மா தொங்கவிட்டாள். இவர்கள் பேச்சு ஹரிபாபுவுக்கு எப்போதுமே வேடிக்கை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தணிகைவேல் சுவிட்சை வாங்கினான். மேலே தள்ளினான். கீழே தள்ளினான்.

“மேல தள்னா இன்னா செய்யுது?”

“நெரப்புது.”

“கீழ தள்னா?”

“ஒண்ணும் செய்யாது. சும்மா நிக்கும்.”

அவன் முகம் சுளித்தது. “இன்னாத்துக்கு சும்மா நிக்கணும்? தறியில கைப்பிடிய அந்தப் பக்கம் தள்னா ஓடும். இந்தப் பக்கம் இழுத்தா சும்மாவா நிக்குது? பிரேக்கு புடிக்குது இல்ல? கீழப் பக்கத்துக்கும் ஒரு வேல குடு. கொட்டிக் கவுக்கச் சொல்லு.”

கன்னிகா டப்பாவுக்குள் பார்த்தாள். சுவிட்சின் அடியில் மூன்று கால்கள் இருந்தன. நடுக்காலையும் ஒரு ஓரத்தையும்தான் அவள் இணைத்திருந்தாள். மூன்றாவது கால் பளபளவென்று, சால்டர் படாமல், இத்தனை நேரமும் காத்திருந்தது.

சால்டரிங் அயர்ன் சூடாவதற்குள் அவளுக்குக் கை பரபரத்தது. மூன்றாவது காலிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டர், கண்டென்சரின் மறுகாலுக்கு. மேலே தள்ளினால் நிரப்பு. கீழே தள்ளினால் ரிலேக்குத் தெரியாமல் காலி செய்.

மேலே. டிக், டிக். கீழே. மேலே. டிக், டிக்.

தணிகைவேல் டப்பாவைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டான். ரிலேயின் மேல் ஒரு விரலை வைத்து மறுகையால் தள்ளினான். அவன் கண்கள் விரிந்தன. மறுபடி தள்ளினான், மறுபடியும். அந்தத் துளியூண்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஏதோ பிடிக்கிறது, யாரும் சொல்லாமல் விடுகிறது. வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருந்த கை அது. விடுவதை இவ்வளவு கிட்டத்தில் அது தொட்டதில்லை.

“போதும் பாவா, தேஞ்சிடப் போவுது” என்றான் ஹரிபாபு. பிறகு அவனுக்குக் கேட்காது என்பது நினைவு வந்து, தோளைத் தட்டிச் சிரித்தான்.

மறுநாள் ஹரிபாபு மோட்டார் பாரம் தாங்குகிற பெரிய ரிலேயாகக் கொண்டுவந்து மாட்டினான். அதற்கேற்ற கட்டைவிரல் பருமன் கண்டென்சர். முதலில் போட்டது சிறியதாகிவிட, ரிலே சீக்கிரமே விட்டு, மோட்டார் முனகிவிட்டு அடங்கியது. அடுத்தது சரியாக வந்தது. ரிலேயின் இரண்டு ஒயர்களைப் பச்சைப் பொத்தானின் இரண்டு ஒயர்களோடு சேர்த்து முறுக்கினார்கள். நிறுத்துவதற்குப் பழைய சிவப்புப் பொத்தானே இருக்கட்டும் என்றாள் கன்னிகா.

தணிகைவேல் சுவிட்சின் மூக்கை மேலே தள்ளினான். தள்ளிவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான், துப்பாக்கி நீட்டப்பட்டவன் போல. குழாயையே பார்த்தான்.

வெடிக்கவில்லை. குழாய் இருமியது. தண்ணீர் வந்து விழுந்தது.

*

திங்கட்கிழமை கம்பெனி பஸ் புத்தூர் தாண்டி நாராயணவனத்துக்குள் நுழைந்தபோது கன்னிகாவின் போன் நடுங்கியது. வீடியோ கால். தணிகைவேல் முகம்.

அவள் சிவப்பு நூலைச் சாயத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

“வெடிச்சிட்டதா?” பஸ் இரைச்சலில் உதடு மட்டும் அசைந்தது.

“கரண்ட் பூட்ச்சி. ரொம்ப நேரமா இல்ல.” அவன் முகத்தில் ஏதோ இருந்தது. பயம் இல்லை. “நூல எடுத்துட்டேன். மேல தண்ணி இல்ல. போச்சின்னு நெனச்சிக்கினு, சுவிட்ச கீழ தள்ளலாம்னு பெட்டி மேல கைய வெச்சேன்.”

“அப்புறம்?”

“தறிங்க எல்லாம் நின்னு கெடந்துது. சுவரு அசையவே இல்ல கன்னிகா. இத்தினி வருசத்துல நான் அப்படிப் பாத்ததே இல்ல.” அவன் நிறுத்தினான். “கைக்கு அடியில புடிச்சிது. விட்டுது. கேட்டுச்சி.”

போனைத் திருப்பிக் காட்டினான். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே சிவப்பு நூல், ஒரு திட்டு இல்லாமல்.

“நான் தொடல” என்றான் மறுபடி முகத்தைக் காட்டி. “சத்தியமா தொடல. கரண்ட் வந்துது, அதுவே எழுந்துக்கிச்சி.”

கன்னிகா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கோயில் கோபுரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சுவிட்ச் மேலேதான் இருந்திருக்கிறது. கரண்ட் போனதும் அடாப்டரின் பச்சை விளக்கு உடனே அணையாமல் மெல்ல மெல்ல மங்கும், அவள் பார்த்திருக்கிறாள். கண்டென்சரில் இருந்ததைத்தான் அந்த விளக்கு குடித்துக்கொண்டிருந்தது. குடித்துக் காலி செய்துவிட்டது. கரண்ட் திரும்பியதும் கண்டென்சர் மறுபடி நிறைந்தது. ரிலே பிடித்தது, விட்டது. திருப்பதியிலிருந்து வரவேண்டிய பெட்டி செய்யும் வேலை. அதை அவள் யோசிக்கவில்லை. அவள் வைக்காத ஒன்றை, அவள் வைத்த நாலு சாமானும் தங்களுக்குள் பேசிச் செய்து வைத்திருந்தன.

மறுபடி போனைப் பார்த்தாள்.

“வெளிய போனா சுவிட்ச கீழ தள்ளிட்டுப் போ” என்றாள். “ஆள் இல்லாதப்ப ஓடிடப் போவுது.”

அவன் தலையாட்டினான். பிறகு போனுக்கு எதிரே ஈரக் கையை நீட்டி, விரல்களை மடக்கினான்.

பஸ் வளைவில் திரும்பியது. கன்னிகாவும் தன் கையை மடக்கிக் காட்டினாள். இருவரும் ஒரே சமயத்தில் விரித்தார்கள்.