மூன்று முதல் வண்டிகள்

சார்ஜாவிலிருந்து திரும்பி ஒரு வருஷம் ஆகியும் தவுசீப்பின் சட்டைப்பையில் அந்த விசிட்டிங் கார்டு இருந்தது. ‘சிஸ்டம் இன்ஜினியர்’ என்று தங்க எழுத்து. அங்கே அவன் கம்ப்யூட்டரோடு பழகியது என்னவோ நிஜம். அட்டைப்பெட்டியோடு தூக்கி வேனில் ஏற்றுகிற அளவுக்குப் பழகியிருந்தான்.

மரக்காணம் உப்பளக்காரர் சங்கத்தின் செயலாளர் தட்சணாமூர்த்தி கார்டை நம்பிவிட்டார். உப்பு ஏற்றிப் போகும் லாரிகளுக்கு வரிசை நம்பரோடு பாஸ் அடிக்க மூன்று கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். பின்னறையில் மொத்தக் கணக்கையும் வைத்திருக்கும் சர்வரின் டேட்டாபேஸோடு மூன்றையும் இணைத்துக் கொடுத்தால் அவனுக்கு நிரந்தர வேலை. மனைவி ஆஸிஃபா மாசமாக இருந்தாள். இந்த வேலை போனால் அவளை விட்டுவிட்டு மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சர்வரின் முகவரி கேட்டது. சர்வரின் எண்ணைப் போட்டால் ‘இணைப்பு இல்லை’. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் ஒரு புத்தகத்தில் 127.0.0.1 என்று கண்டான். போட்டான். மூன்றிலும் ‘இணைப்பு வெற்றி’. நம்மை மிஞ்ச ஆளில்லை என்று அன்று இரண்டு டீ குடித்தான்.

மறுநாள் காலை, 2006 சீசனின் முதல் லோடு. முதல் வண்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புவது அங்கே வழக்கம். அதை ஓட்டுகிறவருக்கு வருஷம் பூராவும் மவுசு. யார் முதல் என்பதில் எப்போதும் தகராறு வருவதால், இந்தத் தடவை கம்ப்யூட்டர் தருகிற நம்பர்தான் முடிவு என்று சொல்லியிருந்தார் தட்சணாமூர்த்தி.

மூன்று கம்ப்யூட்டரிலும் பாஸ் அடித்தார்கள். ஒன்றாம் நம்பரோடு டிரைவர் மரியதாஸ் வண்டியைக் கிளப்பினார். இன்னொரு டிரைவர் கண்ணாயிரம் குறுக்கே லாரியை நிறுத்தினார்.

“ஏம்பா, ஒண்ணாம் நம்பர் என்னுது!”

“அப்ப என் கையில இருக்கிறது என்னா, சினிமா டிக்கெட்டா?”

மூன்றாவதாக ராஜவேல் வந்து தன் பாஸை நீட்டினார். அதிலும் ஒன்று. கற்பூரத் தட்டு வைத்திருந்தவர் எந்த வண்டிப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

தவுசீப்புக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த 127.0.0.1 ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குத் தானே வைத்துக்கொண்டிருக்கும் முகவரி. பழகிப் பார்க்க மூன்றிலும் ஒரு காலி டேட்டாபேஸ் இருந்தது. சர்வர் பக்கமே போகாமல், ஒவ்வொன்றும் தன்னோடு தானே பேசி வெற்றி என்று அறிவித்திருந்தது. இவ்வளவு காலம் அவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

“ஏம்பா, சார்ஜாவுலயும் இப்படித்தான் போட்டியா?” என்றார் தட்சணாமூர்த்தி.

பொய் வாய் வரை வந்தது. மூன்று டிரைவர்களின் முகத்தைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அங்க நான் எதையும் போடலைங்க சார். பெட்டி தூக்கினேன்.”

“இத சரி பண்ணுவியா, மாட்டியா?” என்றார் அவர்.

தவுசீப் பின்னறைக்கு ஓடினான். சர்வரின் கேபிள் பாதிதான் செருகியிருந்தது. அழுத்திச் செருகி, மூன்றிலும் சர்வரின் எண்ணைப் போட்டு, வரிசை நாலிலிருந்து தொடங்கும்படி வைத்தான். நாலாவது லாரிக்கு ஒரு கம்ப்யூட்டரிலும் ஐந்தாவதுக்கு இன்னொன்றிலும் அடித்துப் பார்த்தார்கள். நம்பர் நாலு, ஐந்து என்று வரிசையாக வந்தது. அடித்த பாஸை யாரும் திருப்பித் தர மாட்டேன் என்றதால் அந்த வருஷம் மூன்று முதல் வண்டிகள் போயின, மூன்று மாலையோடு.

தட்சணாமூர்த்தி அவன் பையிலிருந்து கார்டை எடுத்து ‘இன்ஜினியர்’ என்பதைப் பேனாவால் அடித்தார். “நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு.”

மத்தியானம் ஆஸிஃபாவிடம் எல்லாவற்றையும் சொன்னான், பெட்டி தூக்கியது உட்பட. அவள் சோறு போட்டுக்கொண்டே சிரித்தாள்.

“சார்ஜாவுலேருந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஒரு போட்டோ அனுப்பினீங்களே. அந்தக் கம்ப்யூட்டருக்கு வயரே இல்லைங்க.”

“அப்பவே தெரியுமா? அப்புறம் ஏன் ஊர் பூரா இன்ஜினியர்னு சொன்னே?”

“நீங்க ஆசையா எழுதியிருந்தீங்க. இனிமே ஊர்ல என்னான்னு சொல்றது?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“வயர் மாட்டுறவர்னு சொல்லு.”