இந்த மாணவி ஏற்கெனவே பதிவில் உள்ளார்

பள்ளி அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் அந்த வாரம் முழுக்க எழுத்தரம்மாவின் உயிரை வாங்கியது. அறுநூற்றுப் பதினேழு பிள்ளைகளின் விவரங்களையும் புதிய செயலியில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஏறாத பிள்ளைக்குத் தேர்வு எண் கிடையாது. செயலி வந்தால் வேலை பாதியாகக் குறையும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். குறைந்தது எழுத்தரம்மாவின் தூக்கம்தான்.

அறுநூற்றுப் பதினாறு பேர் ஏறிவிட்டார்கள். மிஞ்சியவள் ஒருத்தி, ஏழாம் வகுப்பு இரட்டையரில் இளையவள். பெரியவள் சமர்த்தாக உள்ளே போய்விட்டாள். சின்னவளைப் போட்டால் மட்டும் திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது: இந்த மாணவி ஏற்கெனவே பதிவில் உள்ளார்.

உதவி எண்ணைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் இசை கேட்ட பிறகு ஓர் ஆள் கிடைத்தான்.

"மேடம், ரெண்டு பேருக்கும் பிறந்த தேதி ஒண்ணா இருக்கே."

"இரட்டைப் பிள்ளைங்கப்பா. வேற எப்படி இருக்கும்?"

"பேரு வேறன்னாலும் சிஸ்டம் அதைப் பாக்காது மேடம். பிறந்த தேதி, அப்பா அம்மா, போன் நம்பர், எல்லாம் ஒத்துப்போனா ஒரே ஆளுன்னு எடுத்துக்கும். புகாரைப் பதிஞ்சிட்டேன். ரெண்டு நாள்ல சரியாகிடும்."

இரண்டு நாளில் குறுஞ்செய்தி ஒன்று வந்தது, புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது என்று. போட்டுப் பார்த்தால் அதே சிவப்பு. மறுபடி கூப்பிட்டால் வேறொரு குரல். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது தடவை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மதியம் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "சின்னவளோட பிறந்த தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டு விடுங்கம்மா. பதினாலுக்குப் பதிலா பதினஞ்சு. என்ன குடிமுழுகிடப் போகுது?"

எழுத்தரம்மாவுக்குச் சுருக்கென்றது. அவருடைய அண்ணனுக்கும் பள்ளியில் யாரோ இப்படித்தான் அலட்சியமாக ஒரு தேதியை எழுதிவைத்தார்கள். அதைத் திருத்தப் பாதி ஆயுசு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார் அண்ணன். திருத்த முடியாமலே ஓய்வும் பெற்றார்.

"நான் மாத்த மாட்டேன் சார். வேணும்னா நீங்களே உக்காந்து மாத்துங்க."

தலைமையாசிரியருக்குக் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் அழுத்தித் திறப்பது என்றே தெரியாது. செருமிக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணிக்குத் தாய் வந்தார். தையல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்ததில் அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

"அக்கா, சின்னவ அழுதுக்கிட்டே இருக்கா. 'நான் இல்லவே இல்லையாம்மா'ன்னு கேக்குறா."

"எங்க போயிடுவா, வகுப்புலதான உக்காந்திருக்கா. உங்க வீட்ல வேற போன் இருக்கா?"

"ஒண்ணுதான்க்கா. அவங்கப்பாவும் அதுலதான் பேசுவாரு."

எழுத்தரம்மா திரையை முறைத்தார். தேதியிலும் பெற்றோர் பெயரிலும் பொய் எழுதினால் அது பிள்ளையோடு காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். போன் நம்பர் அப்படியில்லை. சின்னவளின் பெயருக்கு எதிரே தன் நம்பரை அடித்துப் பொத்தானை அழுத்தினார். பச்சை விழுந்தது. வாரம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு முடிவு இவ்வளவுதானா என்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

திங்கட்கிழமை முதல் செயலியிலிருந்து எழுத்தரம்மாவின் போனுக்குச் செய்திகள் வரத் தொடங்கின. உங்கள் மகள் பள்ளிக்கு வந்துவிட்டார். உங்கள் மகள் வீட்டுப்பாடம் முடிக்கவில்லை. புதன்கிழமை, உங்கள் மகள் கணக்கில் நூற்றுக்கு முப்பத்தொன்று.

அதைக் கணவர் படித்துவிட்டார். "நமக்கு ரெண்டும் பையனாச்சே. இது யாரு எனக்குத் தெரியாம?"

"நீங்க வேற. பேசாமப் போனைக் குடுங்க."

மறுநாள் சின்னவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார். "ஏண்டி, வீட்டுப்பாடம் ஏன் எழுதல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்? அம்மாவுக்கே மெசேஜ் வரலையே." அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அம்மாவுக்கு வராது, எனக்கு வரும். இனிமே தினம் சாயந்திரம் நோட்டைக் கொண்டாந்து காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்."

சின்னவளுக்கும் அவள் அம்மாவின் நம்பரையே போட வழி கேட்டு, எழுத்தரம்மா உதவி எண்ணில் ஏழாவது புகாரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். நாலு மணி அடித்ததும் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நோட்டோடு வந்து நிற்கிறாள். இவர் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்கைப் பார்க்கிறார்.