முக்கால் பிடி

“ஓட்டல்ல சொல்லிடலாம்னுதான் நான்…”

“முன்னறையில அம்மா கிடக்கிறா அண்ணி. இங்க நாம உக்காந்து பொட்டலத்தப் பிரிச்சுகிட்டு…”

“பிரிச்சா என்ன? பசிக்குதுன்னு பிள்ளைங்க சிணுங்க ஆரம்பிச்சாச்சு. மாமா மாத்திரை போட்டாகணும். எனக்கு நிக்கவே தெம்பில்ல, இதுல அடுப்பு வேறயா?”

“நீங்க நிக்க வேண்டாம். நான் நிக்கிறேன்.”

“நின்னு கிழிச்ச. இந்த அடுப்பப் பத்தவெக்கத் தெரியுமா உனக்கு?”

தெரியாதுதான். மருந்துக்கடையில் வேலை முடிந்ததும் மகள் நேராக இந்த அம்மா வீட்டுக்குத்தான் வருவாள். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் தட்டு வந்துவிடும். கீழே அம்மாவும் அப்பாவும், மாடியில் அண்ணன் குடும்பம், அடுத்த தெருவில் அவள் குடும்பம். காலையும் மதியமும் யார் என்ன தின்றாலும், ராத்திரிக்கு மூன்று வீட்டுக்கும் ஒரே பானை. அண்ணன் அரிசி வாங்கிப் போடுவான். பருப்பும் எண்ணெயும் அவள் பொறுப்பு. சந்தை மூடுகிற நேரமாகப் பார்த்துப் போய், விலை விழுந்த காய்களை அப்பா அள்ளிக்கொண்டு வருவார். எல்லாம் அந்தப் பானைக்குள் போகும். மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று வீடும் மாசக் கடைசியில் முழிக்கும் என்பது அம்மாவின் கட்சி. யாராவது சொல்லாமல் வந்து நின்றால் இன்னொரு செம்பு ஊற்றுவாள். “தண்ணிக்கு என்ன, காசா பணமா?”

அந்த அம்மாவைத்தான் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். காலையில்தான் எடுப்பது. எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பார்கள்; ஆனால் ராத்திரிப் பானை இந்த வீட்டில் ஒருநாளும் நின்றதில்லை.

தனியாகச் சமைத்துக்கொள்கிறேன் என்று அண்ணி போன வருஷமே கேட்டவள். அம்மாவின் முகத்துக்காக அடங்கினாள். இன்றைக்குப் பொட்டலம் வந்தால் நாளைக்கு மாடியில் தனி அடுப்பு எரியும். அப்புறம் அப்பா எந்த வீட்டு வாசலில் போய்த் தட்டோடு நிற்பார்? மகளுக்கு அதுதான் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பானையை இழுத்துத் தரையில் வைத்தாள். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனைப் பாதி வழியில் கூப்பிட்டிருந்தார்கள். இன்னும் காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“மெதுவாப் பேசுங்களேன். வந்தவங்க அழறத நிறுத்திட்டு உங்களத்தான் கேட்டுகிட்டிருக்காங்க.”

“அண்ணா, அரிசி எவ்வளவு போடணும்?”

“என்னைக் கேட்டா? தட்டுல வந்தப்புறம்தான் எனக்குச் சோத்தோட பழக்கம்.”

“ஆளுக்கு ஒரு பிடி, பிள்ளைங்களுக்கு அரைன்னு அம்மா சொல்லும்.”

“தெரியுதுல்ல? அப்புறம் ஏன் கேக்கற?” போய்விட்டான்.

அவள் அரிசி டின்னுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள்.

“நில்லு,” என்றாள் அண்ணி. “இது ஒரு பிடியா? இந்தக் கைக்கு ஆளுக்கு ஒண்ணு போட்டா பாதிப் பேரு பட்டினி.”

“அப்ப நீங்க போடுங்க.”

அண்ணி புடவையை வரிந்து செருகிக்கொண்டு குனிந்தாள். தையல் ஃபேக்டரியில் கட்டுக்கட்டாகத் துணியை இழுத்துக் கொடுக்கிற கை. அள்ளினால் விரலிடுக்கு வழியாகக்கூட வழிந்தது. அவளே அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப டின்னில் கொட்டினாள்.

“இது ஜாஸ்தி. மிஞ்சும். மிஞ்சிக் கொட்டினோம்னா அத்தை எந்திரிச்சே வந்துடும்.”

சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி அரிசி மாவு படிந்த கையோடு எழுந்து முன்னறைக்குப் போனாள். மகள் கதவோரம் நின்று பார்த்தாள். நாற்காலிகளில் இருந்தவர்களை அண்ணி ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்டில் பக்கத்தில் மண்டிபோட்டு, போர்வைக்குள்ளிருந்து அத்தையின் வலது கையை வெளியே எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். பிறகு தன் உள்ளங்கையை அந்த உள்ளங்கையோடு சேர்த்து வைத்தாள். மணிக்கட்டும் மணிக்கட்டும் சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் நகர்த்திப் பார்த்துக்கொண்டாள்.

“பாவம், மாமியாரா இது? பெத்த தாய் மாதிரி,” என்று பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்ச, அடங்கியிருந்த அழுகை அறை முழுக்க மறுபடி கிளம்பியது.

அண்ணி போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அத்தை விரலு என் விரல விட ஒரு கணு கம்மி. எனக்கு முக்கால் பிடி. காய நறுக்கு, பாத்துகிட்டு நிக்காத.”

“எப்படி நறுக்க?”

“கண்ணுக்குத் தெரியாத மாதிரி நறுக்கு. அப்படித்தானே தின்னோம் இத்தனை நாளும்?”

மகள் சிரித்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அரிசியும் பருப்பும் காயும் ஒன்றாகக் குழைந்து வெந்தன. முன்னறைக்குக் கேட்காமல், சமையலறையிலும் பின்வாசலிலுமாக ஒவ்வொருவராக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். முதலில் பிள்ளைகள், அப்புறம் மகளின் புருஷன். அண்ணன் நின்றுகொண்டே சாப்பிட்டான். “உப்பு கொஞ்சம்…” என்று ஆரம்பித்து, பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு,” என்று முடித்தான். கடைசியில் இரண்டு பெண்களுக்கும் போட்டதும் பானையில் வழிக்கக்கூட ஒன்றும் இல்லை. பற்றாமலும் போகவில்லை.

அப்பா முக்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டார். மகள் மாத்திரையைக் கையில் கொடுத்தாள். விழுங்கினார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய சந்தைப் பையை எடுத்து உதறினார்; வெங்காயச் சருகு கொட்டியது. பையை நாலாக மடித்து வைத்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார். அவள் காலிப் பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குச் சாயந்தரம் சந்தைக்குப் போவேன்ல… எத்தனை பேருக்கும்மா வாங்கட்டும்?”