பிள்ளைக் கல்

“இந்த வாசலைத் தாண்டிட்டா நீங்க பம்பாய்ல இல்லை. ஐரோப்பாவுல இருக்கேள்” என்றார் சந்திரமௌலி.

வசாய் கோட்டை வாசலில் நின்று ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது அது. ரயில்வேயில் ஓய்வு பெற்று மாட்டுங்காவில் இருப்பவர். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை லோக்கல் பிடித்து, போர்த்துக்கீசியர் கட்டி ஆண்டுவிட்டுப் போன அந்தப் பட்டணத்தைத் தெருத்தெருவாக நடத்திக் காட்டுவார். தெரு என்று இப்போது ஒன்றும் கிடையாது. புதரும் பனையும், கூரை போன சர்ச்சுகளும், கடல்பக்கம் ஒரு மதிலும்தான். ஆனால் அவர் கைத்தடியை நீட்டி, “இது கடைத்தெரு, இது ஆஸ்பத்திரி, இந்த ஜன்னல்ல ஒரு துரைசானி நின்னுண்டிருந்தா” என்று சொல்லிக்கொண்டே போனால், பின்னால் நடப்பவர்கள் புதரை விலக்கி அந்த ஜன்னலைத் தேடுவார்கள்.

எல்லாருக்கும் பின்னால் சுயம்பு நடந்தான். தலையில் சாக்கு மூட்டை. அதில் சாப்பாட்டு அடுக்குகள், ஜமுக்காளம், குடைகள். கையில் தண்ணீர் டின். மற்ற நாளெல்லாம் தாராவியில் கரீம் பாட்சாவின் பட்டறையில் செருப்புக்குத் தோல் சீவுகிறவன். தோல் தூசி நெஞ்சில் இறங்கி, பேசத் தொடங்கினால் முதலில் இருமல்தான் வரும். இன்றைக்கு வரும்போது ரயிலில் சந்திரமௌலி அவனைக் கூப்பிட்டு, “ஸ்கூல் கமிட்டியில பேசிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து நீ அங்கே வாட்ச்மேன். தோலைத் தொட வேண்டாம்” என்று சொல்லியிருந்தார். அந்த நினைப்பில் மூட்டை கனக்கவில்லை.

“மதிலுக்குள்ளே பெரிய மனுஷாள் மட்டும்தான் குடியிருப்பா. வேலைக்காராள் பொழுது சாஞ்சா வெளியே போயிடணும்” என்றார் சந்திரமௌலி.

“நம்ம மாட்டுங்கா மாதிரியா மாமா?” என்று கேட்டாள் ஷ்யாமளா. காலேஜில் சரித்திரம் படிக்கிற பெண். கழுத்தில் அப்பாவின் காமிரா.

எல்லாரும் சிரித்தார்கள். சயானில் பாத்திரக்கடை வைத்திருக்கும் காசிராஜன் திரும்பி, “ஏலே சுயம்பு, ஒன்னையத்தாம்லே சொல்லுதாவ. ஆறு மணிக்கு மேல நின்னே, துரைமாரு சுட்டுப்புடுவாவ” என்றார்.

“துரை போய் எத்தனை காலமாச்சு அண்ணாச்சி. சுடுததுன்னா நீங்கதான் சுடணும்” என்றான் சுயம்பு. அவனும் சிரித்தான்.

சர்ச்சுக்குள் நுழைந்தபோது காற்று திரும்பியது. காசிராஜன் மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஏன் சார், ஐரோப்பாவுல கருவாட்டு நாத்தம் அடிக்குமோ?”

கூரையில்லாத சர்ச்சுத் தரையில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. பின்சுவரில் சாய்த்து ஓர் ஓலைக் கொட்டாய். மீன்காரி ஜானாபாய் அதில்தான் இருக்கிறாள். புருஷன் கடலில் போனபின் மகன் வீட்டில் சேர்க்கவில்லை என்று போன தடவை சுயம்புவிடம் சொல்லியிருந்தாள். அவனுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருந்தாள்.

“போன தடவை வெயில் தாங்காம பின்பக்கம் வராமலே திரும்பிட்டோம். இன்னிக்கு விடப்போறதில்லை. இந்த ஊர்லயே என் மனசைத் தொட்ட ஒரு இடம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே சந்திரமௌலி பின்வாசல் வழியாக வெளியே போனார். “பெரிய பிரபுக்கள் கல்லறையெல்லாம் உள்ளே இருக்கு. இது வெளியே, தனியா, ஒரு சின்னக் கல். ஒரு காப்டனோட அஞ்சு வயசுப் பொண்ணு. காய்ச்சல்ல போயிடுத்து. அப்பா எழுதி வெச்சிருக்கார்: என் மகள் தூங்குகிறாள், மெதுவாக நடந்து போங்கள்னு.”

புன்னைமரத்தடியில் வந்து நின்றார். தடியால் புல்லை விலக்கினார். இன்னும் விலக்கினார்.

அங்கே கல் இல்லை. கல் அளவுக்குச் சதுரமான ஒரு பள்ளம். மழைநீர் தேங்கிக் காய்ந்து, அடி மண் வெடித்திருந்தது.

சுயம்புவுக்குத் தலைமூட்டை திடீரென்று கழுத்தை அழுத்தியது.

மழைக்கு முன்னால் வந்தபோது, மற்றவர்கள் உள்ளே சுற்றிக்கொண்டிருக்க, இந்த மரத்தடியில் ஜமுக்காளம் விரிக்க வந்தவன் அவன். வேர் தூக்கிவிட்டு ஒரு கல் சாய்ந்து கிடந்தது. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. தோல் சீவுகிறவனுக்கு அடியில் போட்டுச் சீவ அப்படி ஒரு கல் அமைவது லேசில்லை. சொந்தக் கல் இருந்தால் அவன் மனைவி மாடத்தி வீட்டிலேயே வேலை வாங்கிச் செய்யலாம். இடிந்த ஊரில் இல்லாத கல்லா என்று சாக்கில் போட்டுக் கட்டினான். மேலே ஏதோ எழுத்து இருந்தது. முப்பது வயசுக்கு மேல் இரவுப் பள்ளியில் தமிழ் எழுத்துப் படித்தவன் அவன். எந்த எழுத்தின்மேலும் கால் படக்கூடாது என்பான். அதனால் வீட்டில் எழுத்துப் பக்கத்தைத் தரையில் கவிழ்த்துப் போட்டான். வழவழப்பான பக்கத்துக்கு மாடத்தி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அதன்மேல்தான் மாதக்கணக்காகத் தோல் அறுபடுகிறது.

“யார் எடுத்தா?” சந்திரமௌலி பள்ளத்தின் ஓரத்தில் குனிந்தார். கண் கலங்கிவிட்டது. “ஒரு குழந்தையோட கல்லைப் போய் எடுப்பாளா?”

“வேற யாரு?” என்றார் காசிராஜன், கொட்டாயைப் பார்த்து. “கருவாடு அமுக்கிவைக்கக் கல்லு வேணும்லா.”

சந்திரமௌலி விறுவிறுவென்று கொட்டாய்க்குப் போனார். இந்தியில் கத்தினார். ஜானாபாய் கையில் இருந்த மீனோடு எழுந்து நின்றாள். தனக்குத் தெரியாது, தான் தொடவில்லை என்றாள். காவலாளியைக் கூப்பிட்டுக் கொட்டாயைப் பிரிக்கச் சொல்கிறேன், இன்றைக்கே சொல்கிறேன் என்றார் அவர். ஜானாபாய் அவர் தோளுக்கு மேலாகச் சுயம்புவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து மீனைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.

சுயம்பு வாயைத் திறந்தான். இருமல் வந்தது. இருமி முடித்தபோது எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள். இப்போது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தான். இனிமேலும் சொல்லலாம் என்றும் நினைத்தான். இரண்டுக்கும் நடுவில் ஜமுக்காளத்தை விரித்து, அடுக்கைத் திறந்து, எல்லாருக்கும் புளியோதரை வைத்தான்.

டின்னில் தண்ணீர் தீர்ந்ததும் கொட்டாய்க்குப் போனான். ஜானாபாய் பானையைக் காட்டினாள். மொள்ளாமல் நின்றான்.

“நீ தூக்கிட்டுப் போனதைப் பார்த்தேன்” என்றாள் அவள், பம்பாய் இந்தியில்.

“பின்னே ஏன் சொல்லலை?”

“உன் சாப்தானே உன் தலையிலே ஏத்திவிட்டாரு? சாப் சொல்லித்தான் நீ எடுக்கிறதா நினைச்சேன். இன்னிக்கு அதே சாப் என்னைத் திருடிங்கிறாரு. நான் போய், உங்க ஆளைக் கேளுங்கன்னா நம்புவாரா? என் மேலே மீன் நாத்தம், உன் மேலே அவரோட சோத்து மூட்டை.” டின்னைப் பிடுங்கி அவளே தண்ணீர் நிரப்பினாள். “போ. உன் ஜனங்க தாகத்திலே இருக்காங்க.”

அவள் சொன்னது உண்மை. அந்தத் தடவை திரும்பும்போது மூட்டையைச் சர்ச்சுக்குள் வரை இழுத்து வந்துவிட்டான், தனியாகத் தலைக்குக் கொண்டுவரத்தான் முடியவில்லை. சந்திரமௌலிதான் வந்து கை கொடுத்தார். “என்னப்பா, காலி அடுக்கு இந்தக் கனம் கனக்கிறது?” என்றார். “ஜமுக்காளம் நனைஞ்சிட்டு சார்” என்றான். வெயில் காலத்தில் எதில் நனைந்தது என்று அவர் கேட்கவில்லை. சுமக்கிறவன் தலையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கை அலம்ப ஒதுங்கிய சந்திரமௌலியின் பின்னால் போனான்.

“சார், அந்தக் கல்லு என் வீட்ல கெடக்கு.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மழைக்கு மின்ன வந்தப்ப எடுத்தேன். என்ன கல்லுன்னு தெரியாது சார். நீங்கதான் தலையில ஏத்திவிட்டிய.”

“நானா?” அவர் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, “இதை என்கிட்டச் சொன்னதோட விட்டுடு. சந்திரமௌலி கூட்டிண்டு வந்த ஆளே கல்லைத் திருடினான், அவரே கை கொடுத்தார்னா, நாளைக்கு ஒருத்தர் என்னோட நடப்பாளா? கோட்டைக்குள்ளே விடுவானா? எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்” என்றார்.

“அந்தப் பொம்பளை?”

“அவள் எப்படியும் இங்கே இருக்கக்கூடாதவள். நீ ஸ்கூல் வேலைக்கு வரணுமோ இல்லியோ? திருடினவன்னு தெரிஞ்சா எந்தக் கமிட்டி எடுத்துக்கும்?” குரல் அதட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. அதைக் கேட்டு நிற்க முடியாமல் சுயம்பு அடுக்குகளிடம் திரும்பினான்.

சாப்பாடு முடிந்து அடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சந்திரமௌலி முன்னமே சொல்லியனுப்பியிருந்த காக்கிச் சட்டைக் காவலாளி வந்தான். பள்ளத்தைப் பார்த்தான். கொட்டாயைப் பார்த்தான். ஜானாபாயிடம், நாளைக் காலையில் பிரித்துவிடுவேன், இன்றே சாமானை எடுத்துக்கொள் என்றான். அவள் சண்டை போடவில்லை. ஒரு கூடையை இழுத்து, காய்ந்ததும் காயாததுமான மீனை அள்ளிப் போடத் தொடங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு சுயம்புவால் அடுக்கு துடைக்க முடியவில்லை.

எழுந்து போய், எல்லார் நடுவிலும் நின்று, உடைந்த இந்தியில் சொன்னான். அவள் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன், கல் தாராவியில் என் வீட்டில் இருக்கிறது.

காவலாளி சந்திரமௌலியைப் பார்த்தான். “சாப், உங்க ஆள் என்ன சொல்றான்?”

சந்திரமௌலி தடியின் நுனியைப் பார்த்தபடி, “வெயில்ல ஏதோ உளர்றான்” என்றார்.

“உளறல் இல்ல சார்” என்றார் காசிராஜன். “அவ மேல எரக்கப்பட்டுப் பழியத் தன் தலையில போட்டுக்கிடுதான். எங்க ஊர்க்காரன்லா. ஏலே, நல்லவம்லே நீ!” முதுகில் தட்டினார்.

“இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான்—”

“அப்படியே நில்லுங்கோ” என்றாள் ஷ்யாமளா. கண் பளபளக்கக் காமிராவைத் தூக்கி அவனைப் படம் எடுத்தாள்.

அந்தச் சத்தம் அவன் நெஞ்சில் அறைந்தது. திருடன் என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூட நின்றிருப்பான். மூட்டையையும் டின்னையும் சந்திரமௌலியின் காலடியில் வைத்தான். “காலையில கல்லோட வாரேன்” என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, கோட்டை வாசலைப் பார்த்து நடந்தான். பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

தாராவிக்கு வந்தபோது மாடத்தி கல்லின்முன் உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தாள். சின்ன மகள் தங்கமயில் குளிர்ச்சிக்காகக் கல்லின் ஓரத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தினமும் அப்படித்தான் தூங்கும்.

“என்ன, வெள்ளனையே வந்துட்டிய? மூட்டை எங்க?”

சொன்னான். கேட்டுக்கொண்டே மாடத்தி கத்தியைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“வயசு என்னவாம்?”

“அஞ்சு.”

பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு இரண்டு பேருமாகக் கல்லைப் புரட்டினார்கள். அடியில் ஈர மண் அப்பியிருந்தது. மாடத்தி முந்தானையால் துடைத்தாள். எழுத்து வரிவரியாக வெளியே வந்தது.

“இதுல எது பிள்ளை பேரு?”

“தெரியலை. நான் படிச்ச எழுத்து இல்ல.”

“நான் இதுமேல வச்சு எத்தனை சோடி அறுத்திருப்பேன்” என்றாள்.

“கொண்டாந்தது நாந்தான.”

“கொண்டாந்தது நீங்க. அறுத்தது நானுல்லா.” கத்தியை எடுத்து மூலையில் வைத்துவிட்டு, “பின்பக்கத்துக் குங்குமத்தை அழிக்காதிய. அது அப்படியே போகட்டும்” என்றாள்.

விடியுமுன் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரயிலில் அவனுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. வசாயில் இறங்கி, கோட்டைவரை மாறி மாறிச் சுமந்தார்கள்.

காவலாளி வாக்குத் தவறாதவன். கொட்டாயின் ஒரு பக்கத்து ஓலையெல்லாம் பிரிந்து தரையில் கிடந்தது. ஜானாபாய் கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். கல்லைப் பார்த்ததும் காவலாளியின் கை நின்றது. தலைப்பாகையை அவிழ்த்துத் தலையைச் சொறிந்தான். கூட வந்து, பள்ளத்தில் கல்லை இறக்க ஒரு கை பிடித்தான். எழுத்து மேலே வந்தது, குங்குமம் மண்ணுக்குள் போனது. மாடத்தி சுற்றிலும் மண்ணை அள்ளித் திணித்து உள்ளங்கையால் தட்டினாள், பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல மெதுவாக.

“ஆபீசிலே கேட்டா உன் பேரைத்தான் சொல்வேன்” என்றான் காவலாளி.

“சொல்லுங்க. சுயம்பு. தாராவி.”

அவன் போய்விட்டான். கொட்டாய் இருக்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சுயம்பு கிடந்த ஓலைகளை எடுத்து, மூங்கிலில் வைத்துக் கட்ட ஆரம்பித்தான். ஜானாபாய் எழுந்து வந்தாள். அவன் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“தொளதொளன்னு இருக்கு. கடல் காத்துக்கு ஒரு ராத்திரி நிக்காது. அவிழ்” என்றாள்.

அவிழ்த்தான். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முதலிலிருந்து கட்டினான்.